ராணிக்குக் கோப்பை செய்த ஒற்றைக்கால் குயவர்

தேநீர்க் கெண்டி பார்ப்பதற்குச் சாதாரணப் பாத்திரம். அதைச் சரியாகச் செய்வதுதான் கஷ்டம்.

சாய்க்கும்போது மூடி கீழே விழக் கூடாது. ஊற்றி நிமிர்த்தியதும் மூக்கிலிருந்து சொட்டக் கூடாது. பிடியில் விரல் நுழைய வேண்டும். ஆனால் கை சுடக் கூடாது. கொதிக்கும் நீரை ஊற்றினால் விரிசல் விடக் கூடாது. இத்தனையும் இருந்து, கண்ணுக்கும் அழகாக இருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு மண் பாத்திரத்தில் கொண்டு வருவதற்காக வாழ்நாள் முழுவதும் பாடுபட்டவர் ஒருவர் உண்டு. அவர் இங்கிலாந்து நாட்டுக் குயவர். பெயர் ஜோசையா வெட்ஜ்வுட்.

அம்மை தந்த ஊனம்

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே பர்ஸ்லெம் என்று ஓர் ஊர். களிமண்ணும் நிலக்கரியும் பக்கத்திலேயே கிடைத்ததால், மண்பாண்டத் தொழில் அங்கே செழித்தது. அந்த ஊரில் 1730-ம் ஆண்டு ஜோசையா பிறந்தான். குயவர் வீட்டின் கடைசிப் பிள்ளை அவன். அவனுடைய ஒன்பதாவது வயதில் தந்தை இறந்து விட்டார்.

அடுத்த சில ஆண்டுகளில் அவனைப் பெரியம்மை தாக்கியது. உயிர் தப்பியது, ஆனால் வலது முழங்காலில் நோய் தங்கி விட்டது. குயவர் வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய இடி. சக்கரத்தைக் காலால் உதைத்துச் சுற்ற வேண்டும். கால் வலுவிழந்தால் தொழிலே போய் விடும்!

1744-ம் ஆண்டு, 14-வது வயதில், அண்ணன் தாமஸிடம் முறைப்படி தொழில் பழகச் சேர்ந்தான். சக்கரத்தின் முன் நெடுநேரம் உட்கார முடியவில்லை. ஆகவே மற்ற வேலைகளில் மனத்தைச் செலுத்தினான். எந்த மண்ணோடு எந்த மண்ணைக் கலக்கலாம்? மேலே எதைப் பூசினால் மினுமினுக்கும்? எவ்வளவு சூடு காட்ட வேண்டும்? இந்தக் கேள்விகள் அவனைக் கடைசி வரை விடவில்லை.

காய் வடிவில் கெண்டி

1754-ல் ஜோசையா, தாமஸ் வீல்டன் என்ற பெயர்பெற்ற குயவருடன் கூட்டுச் சேர்ந்தார். அங்கே ஆராய்ச்சிகளைத் தொடங்கினார். ஒவ்வொரு கலவைக்கும் ஓர் எண் கொடுத்தார். மற்றவர் திருடி விடாதபடி, ரகசியக் குறிகளால் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அப்படிக் கிடைத்ததுதான் பளிச்சென்ற பச்சைப் பூச்சு.

அந்தப் பச்சையை வைத்து என்ன செய்வது? காலிஃபிளவர் வடிவில் தேநீர்க் கெண்டி பிறந்தது! கீழ்ப் பாதி பச்சை இலை. மேல் பாதி வெள்ளைப் பூ. அன்னாசிப் பழ வடிவிலும் கெண்டிகள் வந்தன. மக்கள் ஆசையோடு வாங்கினார்கள்.

1759-ல் ஜோசையா பர்ஸ்லெமில் தனியாகத் தொழில் தொடங்கினார். பிறகு பெரிய இடத்துக்கு மாறினார். தொழிலாளரை வேலைக்கு அழைக்க அங்கே மணி அடித்தார். அதனால் அந்தத் தொழிற்சாலைக்கு மணித் தொழிற்சாலை என்றே பெயர் ஏற்பட்டது.

ராணியின் பாத்திரம்

அந்தக் காலத்தில் பணக்காரர்கள் சீனத்துப் பீங்கானில் தேநீர் அருந்தினார்கள். அதன் விலை மற்றவர்களுக்கு எட்டாது. உள்ளூர் மண் பாத்திரமோ முரடாக இருக்கும். மலிவாகவும் மெல்லியதாகவும் உறுதியாகவும் ஒரு பாத்திரம் செய்ய முடியாதா என்று ஜோசையா யோசித்தார்.

பால் ஏடு போன்ற இளமஞ்சள் நிறப் பாத்திரங்களை ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் முன்பே செய்து வந்தார்கள். ஆனால் நிறம் ஒரே சீராக வராது. பல சோதனைகளுக்குப் பிறகு ஜோசையா அதைத் திருத்தினார். நிறம் சீரானது. திடீர்ச் சூட்டையும் பாத்திரம் தாங்கியது.

1764-ல் அவர் தம் உறவுப் பெண் சாராவை மணந்தார். சாரா அவருடைய ரகசியக் குறிகளைக் கற்றுக் கொண்டு ஆராய்ச்சியில் உதவினார். பாத்திரங்களின் வடிவம் பற்றி மனைவியின் கருத்தை ஜோசையா கேட்பார். அவற்றைத் தினமும் கையாளுகிறவர்கள் பெண்கள் அல்லவா?

1765-ல் சார்லட் ராணிக்கு ஒரு தேநீர்ப் பாத்திர வரிசை தேவைப்பட்டது. தங்கமும் பச்சைப் பூக்களும் வைத்துச் செய்ய வேண்டும். மற்றக் குயவர்கள் தயங்கினார்கள். ஜோசையா துணிந்து ஏற்றார். ராணி மகிழ்ந்தார். அன்று முதல் அந்த இளமஞ்சள் பாத்திரத்துக்கு ராணிப் பாத்திரம் என்ற பெயர் நிலைத்தது.

காலை வெட்டினார்கள்

புகழ் வளர்ந்தது. ஆனால் முழங்கால் வலியும் வளர்ந்தது. 1768-ம் ஆண்டு மே மாதம் வைத்தியர்கள் வலது காலை வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது! வேதனையை ஜோசையா தாங்கினார். சில வாரங்களில் தொழிலைப் பற்றிக் கடிதங்கள் எழுதத் தொடங்கி விட்டார். பிறகு மரக்காலுடன் தொழிற்சாலையைச் சுற்றி வந்தார். சரியில்லாத பாத்திரத்தை மரக்காலாலேயே உடைப்பார் என்று ஒரு கதையும் உண்டு.

லிவர்பூல் வணிகர் தாமஸ் பென்ட்லி அவருடைய உயிர் நண்பர். இருவரும் கூட்டாளிகள் ஆனார்கள். 1769-ல் எட்ரூரியா என்ற புதிய தொழிற்சாலையைத் திறந்தார்கள். திறப்பு நாளன்று பென்ட்லி சக்கரத்தைச் சுற்ற, ஜோசையா தம் கையாலேயே ஆறு ஜாடிகளை வனைந்தார். சக்கரத்துக்குக் கால் இல்லாவிட்டால் என்ன? நண்பர் கை கொடுத்தார்!

அங்கே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலை. ஒருவர் வனைவார், ஒருவர் பிடி ஒட்டுவார், ஒருவர் சித்திரம் தீட்டுவார். கறுப்பு நிறத் தேநீர்க் கெண்டிகளும் வந்தன. கை வெள்ளையாக இருப்பதே அழகு என்று அக்காலச் சீமாட்டிகள் கருதினார்கள். கறுப்புக் கெண்டியைப் பிடித்தால் கை இன்னும் வெளுப்பாகத் தெரியும். கெண்டிகள் விற்பதற்கு அதுவும் ஒரு காரணமாகும் என்று ஜோசையா கணக்குப் போட்டார்.

சூட்டை அளந்தவர்

சூளைக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நெருப்பின் நிறத்தைப் பார்த்து ஊகிப்பார்கள். ஊகம் தவறினால் சூளை முழுவதும் பாழ். களிமண் சூட்டில் சுருங்கும் என்பது குயவருக்குத் தெரியும். ஜோசையா சிறு களிமண் துண்டுகளைச் சூளையில் வைத்தார். அவை சுருங்கிய அளவைக் கொண்டு சூட்டைக் கணக்கிட்டார். 1782-ல் இதை ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானச் சங்கத்துக்கு அறிவித்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத குயவர், அடுத்த ஆண்டே அந்தச் சங்கத்தின் உறுப்பினர் ஆனார்!

குண்டும் குழியுமான சாலையில் குதிரை மேல் ஏற்றினால் பாத்திரங்கள் உடைந்தன. அதற்காகக் கால்வாய் வெட்டப் பாடுபட்டார். 1766-ல் முதல் மண்ணை வெட்டியவர் அவரே. டிரென்ட் ஆற்றையும் மெர்சி ஆற்றையும் இணைக்கும் அந்தக் கால்வாய் 1777-ல் முடிந்தது. கோப்பைகள் படகில் பத்திரமாகப் போயின.

இனிப்பில் இருந்த கண்ணீர்

தேநீர் பரவியது, கோப்பைகள் விற்றன. ஆனால் தேநீரில் போட்ட சர்க்கரை எங்கிருந்து வந்தது? மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து. அங்கே ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் சாட்டையடி பட்டு உழைத்தார்கள். சர்க்கரை போட்ட தேநீர் பெருகப் பெருக, ஜோசையாவின் வியாபாரமும் பெருகியது.

அவர் வாய் மூடி இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1787-ல் அடிமை வியாபாரத்தை ஒழிக்க லண்டனில் ஒரு சங்கம் தோன்றியது. ஜோசையா அதில் சேர்ந்தார். அதன் முத்திரையைச் சிறு பீங்கான் வில்லையாகச் செய்தார். விலங்கு பூட்டிய ஓர் அடிமை மண்டியிட்டு, தானும் மனிதன் அல்லவா, சகோதரன் அல்லவா என்று கேட்கும் சித்திரம் அது. அவற்றை இலவசமாக வழங்கினார். ஆண்கள் பொடி டப்பியில் பதித்தார்கள். பெண்கள் வளையலிலும் கொண்டை ஊசியிலும் அணிந்தார்கள்.

1795 ஜனவரி 3-ந் தேதி, 64-வது வயதில் ஜோசையா காலமானார். அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் 1807-ல்தான் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் உலகம் அறிந்த விஞ்ஞானி சார்லஸ் டார்வின்.

ராணிப் பாத்திரத்துக்கு ஜோசையா காப்புரிமை வாங்கவில்லை. அதனால் அக்கம்பக்கத்துக் குயவர்களும் அதைச் செய்து விற்றார்கள். ராணியின் மேஜையில் இருந்த கோப்பை, நடுத்தரக் குடும்பத்தின் மேஜைக்கும் வந்து சேர்ந்தது.