டிராகுலா முகம் யாருக்குச் சொந்தம்? பெலா லுகோசியின் கதை

கறுப்பு அங்கி, படிய வாரிய தலை, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பேசும் ஆங்கிலம். டிராகுலான்னு சொன்னதும் மனசுக்குள் வரும் இந்த உருவத்தைத் திரையில் பதிய வைத்தவர் பெலா லுகோசி. அந்த ஒரே முகம்தான் அவருக்குப் பேரைக் கொடுத்தது, பிழைப்பையும் கெடுத்தது. அவர் இறந்த பிறகு கோர்ட் வரைக்கும் போனது.

யார் இந்த லுகோசி?

1882 அக்டோபர் 20-ம் தேதி அன்றைய ஹங்கேரியின் லுகோஸ் நகரத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் ருமேனியாவில் இருக்கிறது. நிஜப் பெயர் பெலா பிளாஸ்கோ. லுகோசி என்பது சொந்த ஊரை வைத்து அவர் சூட்டிக்கொண்ட பெயர். புடாபெஸ்ட் தேசிய நாடக அரங்கில் நடித்தார், முதல் உலகப் போரில் சண்டையிட்டுக் காயமடைந்தார். 1919 புரட்சியின்போது நடிகர்களுக்குச் சங்கம் கட்டினார். புரட்சி அரசு கவிழ்ந்ததும் நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. 1920 கடைசியில் சரக்குக் கப்பல் மாலுமியாக அமெரிக்காவில் வந்து இறங்கினார்.

டிராகுலா எப்படிக் கிடைத்தது?

ஆங்கிலம் சரியாக வராது. அர்த்தம் பிடிபடாத வசனத்தைக்கூட ஒலியாக மனப்பாடம் செய்து மேடை ஏறினார். 1927-ல் பிராட்வேயில் டிராகுலா நாடகம் 261 முறை நடந்தது. ஆனாலும் படம் எடுக்க வந்த யுனிவர்சல் ஸ்டுடியோவின் முதல் தேர்வு அவர் இல்லை. அடிமாட்டுச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் வாய்ப்பு வந்தது. வாரம் 500 டாலர், 7 வாரம், ஆக மொத்தம் 3,500 டாலர்.

1931-ல் வந்த படம் பெரிய ஹிட். பணக் கஷ்டத்தில் இருந்த ஸ்டுடியோவுக்கு அது கைகொடுத்தது. இப்போது பார்த்தால் ஒரு விஷயம் கவனிக்கலாம்: படத்தில் லுகோசிக்குக் கோரைப்பல்லே கிடையாது. பயமுறுத்துவது முழுக்க அந்தப் பார்வையும் குரலும்தான்.

பிறகு ஏன் சரிந்தார்?

அடுத்து வந்த பிராங்கன்ஸ்டைன் படத்தின் பூத வேடம் போரிஸ் கார்லாஃபுக்குப் போனது. சம்பளத்திலும் மதிப்பிலும் கார்லாஃப் முந்திக்கொண்டார். லுகோசியின் உச்சரிப்பைக் கேட்ட தயாரிப்பாளர்கள் அவரை வில்லனாக மட்டுமே பார்த்தார்கள். 1936-க்குப் பிறகு ஹாலிவுட்டில் பேய்ப் படங்கள் எடுப்பதே கிட்டத்தட்ட நின்றுபோனது. வீடு கைவிட்டுப் போனது. 1938-ல் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட திரைத்துறை நல நிதி உதவ வேண்டியிருந்தது.

நரம்பு வலிக்காக எடுத்துக்கொண்ட மார்ஃபின், பழக்கமாகிப் போனது. 1955-ல் தானாகவே முன்வந்து அரசு மருத்துவமனையில் சேர்ந்தார். அப்போது வயது 72. போதைப் பழக்கத்தைப் பிரபலங்கள் மூடி மறைத்த காலம் அது. அவரோ பத்திரிகைகளுக்குத் தெரியவே சிகிச்சை எடுத்து, சில மாதங்களில் வெளியே வந்தார்.

கடைசிக் காலத்தில் அவரைத் தேடி வந்தவர் குறைந்த பட்ஜெட் இயக்குநர் எட் வுட். 1956 ஆகஸ்ட் 16-ம் தேதி லுகோசி மாரடைப்பில் இறந்தார். குடும்பத்தினர் டிராகுலா அங்கியோடே அவரை அடக்கம் செய்தார்கள். அவர் நடித்திருந்த சில நிமிடக் காட்சிகளை வைத்து, மீதிக்கு அங்கியால் முகத்தை மறைத்த வேறொருவரை நடிக்கவிட்டு, பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ் படத்தை எட் வுட் முடித்தார். மோசமான படம் என்று பெயர் வாங்கியே அது கல்ட் ஆனது.

கோர்ட் என்ன சொன்னது?

லுகோசியின் டிராகுலா முகத்தைப் பொம்மை, முகமூடி என்று விற்க யுனிவர்சல் உரிமம் கொடுத்து வந்தது. குடும்பத்துக்கு ஒரு பைசா வரவில்லை. 1966-ல் மகனும் மனைவியும் வழக்குப் போட்டார்கள். கீழ் கோர்ட்டில் ஜெயித்தார்கள். ஆனால் 1979-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. தன் முகத்தை வைத்துச் சம்பாதிக்கும் உரிமையை ஒருவர் உயிரோடு இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும், அது வாரிசுகளுக்குப் போகாது என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தத் தோல்வி வீணாகவில்லை. 1985-ல் கலிபோர்னியாவில் அமலுக்கு வந்த சட்டம், பிரபலங்களின் வாரிசுகளுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. முதலில் 50 ஆண்டு, பிறகு 70 ஆண்டு. இறந்த நடிகர்களை அனுமதியில்லாமல் ஏஐ மூலம் நகலெடுப்பதற்கு எதிராக 2024-ல் அதே மாநிலம் இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது. 3,500 டாலருக்கு நடித்துக் கொடுத்த ஒருவரின் முகத்துக்காக நடந்த வழக்கு, இன்றைக்கும் முடியாத ஒரு கேள்வியை அன்றைக்கே கேட்டுவிட்டது.