அகக்கண் பெற்ற அறிஞர்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் செல்லும் பேருந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். வேகம் மிகுந்தால் நேரம் குறையும். ஆனால் எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். குறித்த நேரத்தில், மிகக் குறைந்த எரிபொருள் செலவில் ஊர் சேர வேண்டுமாயின், ஒவ்வொரு நொடியும் வண்டியை எவ்வாறு செலுத்துவது? வானூர்திக்கும் ஏவூர்திக்கும் இவ்வினா எழும்போது அறிஞரும் மயங்குவர். இத்தகைய வினாக்களுக்குச் சிறந்ததொரு நெறி வகுத்தவர் உருசிய நாட்டுக் கணித மேதை லெவ் பொந்திரியாகின். அவர் கண்பார்வை இழந்தவர் என்பது வியப்பிற்குரியது.

பொந்திரியாகின் 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் மாஸ்கோ நகரில், பொருள்வளம் குன்றிய குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு 14 வயதானபோது எண்ணெய் அடுப்பு ஒன்று வெடித்தது. இரு கண்களும் ஒளியிழந்தன. இனி இவன் கல்வி என்னாகும் என்று அன்னை தத்தியானா கலங்கி அமர்ந்துவிடவில்லை. உயர்கணிதம் கல்லாத அவ்வம்மையார், கணித நூல்களை மகனுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். பெயர் அறியாத குறிகளை, வால் மேல்நோக்கியது, வால் கீழ்நோக்கியது என வடிவம் கூறி உணர்த்தினார். அயல்நாட்டு நூல்களைப் படித்துக் காட்டுவதற்காகவே பிறமொழிகளையும் பயின்றார்.

1925ஆம் ஆண்டு மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பொந்திரியாகின், கேட்டவற்றை உள்ளத்தில் இருத்திக் கற்றார். இளமையிலேயே இடவியல் என்னும் கணிதத் துறையில் புகழ் பெற்றார். 1950களில் தம் மாணவர்களுடன் கூடி உச்ச நெறியைக் கண்டறிந்தார். சிறந்த பாதையில் செல்லும் ஊர்தியை ஒவ்வொரு கணமும் செலுத்தும் முறை, குறிப்பிட்ட ஒரு கணித அளவை உச்சத்தில் நிறுத்தும் என்பதே அந்நெறியின் சாரம்.

நெறி தெரிந்த அளவில் விடை கிடைத்துவிடாது. கணக்கைத் தொடங்குவதற்கு வேண்டிய எண்கள் சில தெரியாமல் இருக்கும். அவற்றை ஊகித்துக்கொண்டு, பாதையைப் படிப்படியாகக் கணக்கிடுவர். மாங்காய்க்குக் கல்லெறியும் சிறுவன், முதற்கல் விலகிய அளவை நோக்கி அடுத்த கல்லைத் திருத்தி எறிகிறான் அல்லவா? அதுபோல, முடிவில் நேர்ந்த பிழையைக் கொண்டு ஊகத்தைத் திருத்துவர். பிழை மிகச் சிறிதாகும்வரை மீண்டும் மீண்டும் கணக்கிடுவர். இதற்கு எய்தல் முறை என்று பெயர். இவ்வுழைப்பை இன்று கணிப்பொறிகள் ஏற்றுக்கொண்டுள்ளன.

உச்ச நெறியை விளக்கும் நூல் 1961இல் வெளிவந்தது. மறு ஆண்டே லெனின் பரிசு அவர்களை அடைந்தது. பொந்திரியாகின் 1988ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் மறைந்தார்.

மாணவர்களே! தம் கண்ணால் காண இயலாத பாதைகளுக்கு நெறி வகுத்தவர் அவர். அவருக்குக் கண்ணாக விளங்கியவர் அவருடைய அன்னை. நும் முதல் முயற்சி தவறினும் தளராதீர்; தவறிய அளவை அறிந்து திருத்துவோர்க்கு இலக்கு எட்டாததன்று.