காலந்தாழ்ந்த மனந்திரும்புதல்

விசுவாசியாகிய பின்னரும் ஒருவரிடம் பாவம் தொடரக்கூடும் என்பதைக் கிறிஸ்தவம் மறுப்பதில்லை. 1725இல் இலண்டனில் பிறந்த ஜோன் நியூட்டனின் வாழ்க்கை இதற்குச் சான்றாகும். மாலுமியான அவர், 1748 மார்ச்சில் அத்திலாந்திக் புயலில் சிக்கியபோது இறைவனிடம் திரும்பினார். எனினும் அடிமை வியாபாரத்தைக் கைவிட்டாரில்லை. 1750 முதல் 1754 வரை அடிமைக் கப்பல்களின் கப்டனாக மூன்று பயணங்களை மேற்கொண்டார். கீழ்த்தளத்தில் ஆபிரிக்கர் விலங்கிடப்பட்டுக் கிடக்க, மாலுமிகளுக்கு ஞாயிறு ஆராதனை நடத்தினார். இதில் அவர் முரண்பாடெதனையும் காணவில்லை என்பதே அதிர்ச்சிக்குரியது. கடற்தொழிலை அவர் விட்டதும் நோயினாலேயன்றி மனச்சாட்சியினாலன்று.

1764இல் குருவானவரானார், பாவியை மீட்ட அருளைப் போற்றும் 'அமேசிங் கிரேஸ்' கீதத்தையும் இயற்றினார். 1788இல், அறுபது வயதைக் கடந்த பின்னரே, தமது பங்கை ஒப்புக்கொண்டு அவ்வியாபாரத்தைக் கண்டிக்கும் நூலை வெளியிட்டார். ஒப்புதல் காலந்தாழ்ந்தது என்பதை அவர் மறைக்கவுமில்லை. பின்னர் பாராளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சியமளித்தார்.

1807 மார்ச்சில் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பரில் நியூட்டன் காலமானார். ஏற்கெனவே அடிமைகளாக்கப்பட்டிருந்தோருக்கு அச்சட்டம் விடுதலை அளிக்கவில்லை.