பேராசிரியர் லூயி பஷெலியே

வாணிகத்தால் பெரும்பொருள் ஈட்டினோர் வரலாற்றை யாவரும் விரும்பிக் கேட்பர். வாணிகத்தின் இயல்பை ஆராய்ந்து ஒரு சாஸ்திரமாக்கி உலகுக்கு உதவியும், அதனால் தமக்கெனப் பொருளும் புகழும் பெறாது மறைந்த ஒருவர் வரலாற்றைக் கேட்பார் மிகச் சிலரே. அத்தகைய ஒருவரை நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் அறிவித்தலே எமது நோக்கம். அவர் பிரெஞ்சு தேசத்துக் கணிதப் பேராசிரியர் லூயி பஷெலியே என்பார். பங்கு மார்க்கெட்டின் விலை ஏற்றத்தாழ்வுகளைக் கணிதத்தால் அளந்த முன்னோடிகளுள் ஒருவர் இவர். ஆயினும் நிலையான பேராசிரியப் பதவி இவர்க்கு வாய்த்தது 57-ஆம் வயதிலேயாம்.

பஷெலியே 1870-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள், கப்பல் வாணிகத்திற் சிறந்த லெ ஹாவர் துறைமுக நகரிற் பிறந்தார். தந்தையார் ஒயின் வியாபாரி. வெனிசுவேலா நாட்டின் துணைத் தூதர் பொறுப்பையும் வகித்தவர். தாயார் பாங்குத் தொழில் செய்த குடும்பத்தினர். செல்வமும் கல்வியும் ஒருங்கமைந்த அவ்வீட்டில் 1889-ஆம் ஆண்டு பெருந்துயர் புகுந்தது. சனவரி மாதத்தில் தந்தையார் இறந்தார்; மே மாதத்தில் தாயாரும் இறந்தார். பத்தொன்பது வயது இளைஞரான பஷெலியே, உடன்பிறந்தாளையும் மூன்று வயதுத் தம்பியையும் காக்கும் கடமை தம்மேல் விழக் கண்டார். மேற்படிப்பை நிறுத்தித் தந்தையார் நடத்திய வியாபாரத்தை ஏற்று நடத்தினார். அதன்பின் தேசத்துச் சட்டப்படி இராணுவத்தில் ஊழியம் புரிந்தார்.

தந்தையை இழந்த மூத்த மகன் ஏட்டை மூடிவைத்துக் கடையிற் சென்று அமர்தல் நம் குடும்பங்களிலும் காணாததன்று. அங்ஙனம் அமர்ந்தோருள் மீண்டும் ஏட்டைத் திறப்பார் அரியர். பஷெலியே திறந்தார். 1892-ஆம் ஆண்டு, தம் 22-ஆம் வயதில், பாரிஸ் நகரத்து ஸார்போன் கலாசாலையை அடைந்து கணிதம் பயிலத் தொடங்கினார். அக்காலத்தில் அத்தேசத்துக் கணிதப் பதவிகளிற் பெரும்பாலான, பெயர்பெற்ற இரண்டொரு உயர்தரக் கலாசாலைகளிற் பயின்றவர்க்கே உரியனவாயிருந்தன. உரிய வயதில் கடையில் இருந்தமையால் அவ்வாயில் இவர்க்கு அடைபட்டுப்போயிற்று. இக்குறை இவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

எனினும் அக்கடை வாழ்க்கை வீண்போகவில்லை என்றே யாம் கருதுகின்றோம். ஏனையோர் விண்மீன்களின் இயக்கத்தையும் ஒளியின் இயல்பையும் கணித்திருந்த காலத்தில், இவர் மார்க்கெட்டின் விலையைக் கணிக்கத் துணிந்தார். பாரிஸ் மார்க்கெட்டில் பிரெஞ்சு அரசாங்கத்தின் கடன் பத்திரங்கள் பெருமளவில் விலைபோயின. பத்திரங்களை வாங்குவதோடன்றி, குறித்த நாளிற் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையை மட்டும் ஒரு சிறுதொகை கொடுத்துப் பெறும் வழக்கமும் அங்கு இருந்தது. விலை ஏறின் உரிமையைப் பயன்படுத்தி ஊதியம் பெறலாம். இறங்கின் கொடுத்த சிறுதொகையளவே நட்டம். இவ்வுரிமையை இக்கால வியாபாரிகள் ஆப்ஷன் என்று வழங்குவர். இதற்குத் தகுந்த விலை யாது என்பதே பஷெலியே எடுத்துக்கொண்ட வினா.

அவர் கண்ட விடையை எளிய முறையிற் கூறுவோம். ஒரு நொடியில் ஒரு விலைக்கு வாங்குவோன் அது ஏறும் என்று நம்புகின்றான். விற்போன் இறங்கும் என்று நம்புகின்றான். இருவரும் ஒரே விலைக்கு இசைதலால், மார்க்கெட்டை ஒரு முழுப்பொருளாகக் கொள்ளுமிடத்து, அது ஏற்றத்தையும் எண்ணவில்லை, இறக்கத்தையும் எண்ணவில்லை என்பது பெறப்படும். ஆகவே அடுத்த அசைவு எப்பக்கம் என்பதை ஒருவராலும் முன்னறிந்து கூறவியலாது. ஆனால் அசைவு எவ்வளவு தூரம் பரவக்கூடும் என்பதைக் கணிக்கலாம். நாள் ஏறஏற அப்பரவல் வளரும். ஆனால் நாட்கணக்கின் அளவிலன்று, அதன் வர்க்க மூலத்தின் அளவில் வளரும். ஒரு மாதத்தில் விலை பெரும்பாலும் இரண்டு பிராங்கு வரையில் விலகக் கூடுமாயின், நான்கு மாதத்தில் எட்டு பிராங்கு அன்று, நான்கு பிராங்கு வரையிலேயே விலகும். சூடேற்றிய இரும்புக் கோலில் வெப்பம் பரவும் முறையைக் கூறும் சமன்பாடே விலையின் பரவலுக்கும் பொருந்தும் என அவர் நிறுவினார். 1894 முதல் 1898 வரை மார்க்கெட்டில் நடந்த விலைகளோடும் தம் கணக்கை ஒப்பிட்டுக் காட்டினார்.

‘ஊக வாணிகக் கொள்கை’ என்னும் பொருள்படும் பெயருடைய இவ்வாராய்ச்சியை 1900-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29-ஆம் நாள் ஸார்போனில் பரீட்சகர் மூவர் முன்னிலையில் நிலைநாட்டினார். அம்மூவருள் ஒருவர் அக்காலத்துக் கணிதப் புலவருள் தலைசிறந்த ஆன்ரி புவான்காரே. அவர் இவ்வாராய்ச்சியின் புதுமையைப் பாராட்டினார். எனினும் எடுத்துக்கொண்ட பொருள் ஏனையோர் ஆராயும் பொருளுக்கு மிகவும் அயலானது என்பதையும் குறித்தார். முடிவில் பஷெலியே பெற்றது இரண்டாந்தரச் சிறப்பே. அக்காலத்தில் முதற்றரச் சிறப்பில்லாதார் கலாசாலைப் பதவி பெறுதல் அரிதாயிருந்தது. இதற்கு ஐந்தாண்டு கழித்து, 1905-இல், நீரில் மிதக்கும் நுண்டுகள்களின் இடைவிடாத அசைவை ஐன்ஸ்டைன் கணித்தார். அவர் பஷெலியேயின் ஆராய்ச்சியை அறியாமலே செய்த அக்கணக்கும், பஷெலியே விலைக்குச் செய்த கணக்கும் உள்ளியல்பில் ஒன்றே.

பட்டம் பெற்றும் பதவி வரவில்லை. 1909 முதல் ஸார்போனில் பஷெலியே சம்பளமின்றிச் சொற்பொழிவாற்றினார். 1912-இல் நிகழ்தகவு பற்றி ஒரு பெருநூலும், 1914-இல் விளையாட்டு, வாய்ப்பு, தற்செயல் என்பன குறித்துப் பொதுமக்கள் படிக்கத்தக்க ஒரு நூலும் வெளியிட்டார். பாரிஸ் சர்வகலாசாலையில் நிலையான இடம் கிடைக்கும் தறுவாயில் முதல் உலகப்போர் மூண்டது. 44 வயதில் சாதாரணப் போர்வீரராய்ச் சென்றவர், 1918-ஆம் ஆண்டின் இறுதியிலேயே திரும்பினார். பின்னர்ப் பெசான்சோன், திஜோன், ரென் ஆகிய ஊர்களில் ஒருவர்க்குப் பதிலாக ஒருவராய்த் தற்காலிக ஆசிரியர் வேலை பார்த்தார். 1920-இல் மணம் புரிந்தார். மனைவியாரும் விரைவில் இறந்தனர்.

1926-ஆம் ஆண்டு திஜோனில் பேராசிரியர் இடம் ஒன்று ஒழிவாயிற்று. முன்னர் அங்குப் பணிபுரிந்த பஷெலியே அதற்கு விண்ணப்பித்தார். அங்கிருந்த ஜெவ்ரே என்னும் பேராசிரியர், பஷெலியே 1913-இல் எழுதிய கட்டுரையொன்றிற் பிழையுளதெனக் கருதி, அப்பகுதியைப் பாரிஸிலிருந்த புகழ்மிக்க கணிதர் பால் லெவிக்கு அனுப்பினார். லெவி அப்பகுதியை மட்டும் நோக்கிப் பிழையுண்டென்று எழுதிவிட்டார். பஷெலியே தம் குறியீடுகளின் பொருளை நூலின் முற்பகுதியில் விளக்கியிருந்தார். அதனைப் படித்தார்க்கு அங்குப் பிழை தோன்றாது. முழுதும் படியாமல் எழுதப்பட்ட அக்கடிதத்தால் இவர் விலக்கப்பட்டார். 56 வயதில், வாழ்நாளெல்லாம் உழைத்த நூலே பிழையென்று கூறப்பட்டால் ஒருவர் மனம் எவ்வாறு புண்படும்! பஷெலியே மிக வெகுண்டு எதிர்த்து எழுதினார், பயனில்லை. மறுவருடம், 1927-இல், பெசான்சோன் சர்வகலாசாலை இவரைப் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது. 1937-இல் ஓய்வு பெறும்வரை ஆங்கேயே பணியாற்றினார்.

1931-இல் ருஷிய தேசத்துக் கணிதப் பேரறிஞர் கோல்மகோரவ், நிகழ்தகவு பற்றித் தாம் எழுதிய சிறந்த கட்டுரையில் பஷெலியேயை முன்னோடியாகக் குறித்தார். அதனைக் கண்ட லெவி வியப்புற்று, பஷெலியேயின் நூலை எடுத்து முழுதும் படித்தார். தம் தவற்றை உணர்ந்தார். தம்மினும் மூத்தவராகிய அவர்க்கு மன்னிப்பு வேண்டி எழுதினார். இருவரும் நட்பாயினர். பெரியோர் தவறுதலும் உண்டு; தவற்றை ஒப்புதலே பெருமை என்பதற்கு லெவியின் செயல் சான்றாகும். ஆனால் திஜோன் பதவி போனது போனதே.

பஷெலியே 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், கடற்கரையூராகிய சேன் செர்வானில் தம் 76-ஆம் வயதிற் காலமானார். பொருள் நூலாருட் பெரும்பாலோர் அதுவரை அவரை ஏறிட்டும் பார்த்திலர். சுமார் பத்தாண்டு கழித்து, அமெரிக்காவில் ஸாவேஜ் என்னும் கணிதர் புத்தகசாலையொன்றிற் கண்ட பஷெலியேயின் நூலைக் குறித்து நண்பர்கட்குக் கார்டு எழுதிக் கேட்டார். அவருள் ஒருவராகிய பொருள் நூற் பேராசிரியர் ஸாமுவெல்ஸன் 1900-ஆம் ஆண்டு ஆராய்ச்சியைத் தேடிக் கண்டெடுத்தார். 1964-இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1973-இல் பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் என்போர் ஆப்ஷன் விலைக்கு வகுத்த சூத்திரம் இவ்வேரினின்று கிளைத்ததே. அதற்காக 1997-இல் ஷோல்ஸும் மெர்ட்டனும் பொருளியலுக்குரிய நோபெல் ஞாபகார்த்தப் பரிசு பெற்றனர். பிளாக் அதற்கு இரண்டாண்டு முன்னரே இறந்திருந்தார்.

பஷெலியேயின் கணக்கில் ஒரு குறை கூறப்பட்டு வந்தது. அதன்படி விலை பூச்சியத்திற்குக் கீழும் போகலாம். அஃது எங்ஙனம் இயலும் என்று பிற்காலத்தார் அதனைத் திருத்தினர். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், வைக்க இடமின்றி அமெரிக்காவில் எண்ணெய் விலை பூச்சியத்திற்கும் கீழே இறங்கியது. அப்போது சிகாகோ மார்க்கெட்டார் திருத்திய சூத்திரத்தை ஒதுக்கி, பழைய பஷெலியே கணக்கையே மேற்கொண்டனர். நூற்றிருபது ஆண்டு கழித்து, குறையெனப்பட்டதே உதவியாயிற்று.

அன்பர்களே! இவ்வரலாற்றிலிருந்து நம் இளைஞர் கொள்ளத்தக்கது, கடையில் அமர்ந்தமையால் கல்வி முடிந்துவிடாது என்பது. நம் பெரியோர் கொள்ளத்தக்கதோ இதனினும் பெரிது. பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்த்து உபகாரச் சம்பளம் வழங்குவோரும், விடைத்தாள் திருத்தும் எம்போன்ற ஆசிரியரும், ஒருவரைப் பதவிக்குத் தேர்வோரும், ஒரு பக்கத்தைப் பார்த்து முழுநூலை அளந்துவிடலாகாது. முதலிலிருந்து படிக்கச் செல்லும் நேரம் சில நாழிகையே. படியாது விடுவதால் ஒருவர் இழப்பது பல ஆண்டுகளாகலாம். இதனை நினைவிற் கொள்வதே பேராசிரியர் பஷெலியேக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.