ஈயை வென்ற அறிஞர்

அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் 1909ஆம் ஆண்டு தோன்றியவர் எட்வர்டு நிப்ளிங். பூச்சியியல் கற்று அரசுப்பணி ஏற்ற அவர், கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டுப் புழுக்களால் அவற்றை மாய்க்கும் ஒருவகை ஈயை ஆராய்ந்தார்.

அவ்வினப் பெண் ஈ வாழ்நாளில் ஒருமுறையே ஆணோடு இணையும். ஆதலின், மலடாக்கிய ஆண் ஈக்களை மிகுதியாகப் பறக்கவிட்டால், அவற்றோடு இணைந்த பெண் ஈக்களின் முட்டைகள் பொரியா. இனமே நாளடைவில் அற்றுப்போம் எனத் தெளிந்தார். பலர் நகைத்தனர், மலடாக்கும் வழியும் அன்று புலப்படவில்லை. நிப்ளிங் தம் கருத்தைக் கைவிடாது பல்லாண்டு காத்திருந்தார்.

பின்னர், கதிர்வீச்சால் அது கைகூடும் என அவர்தம் நண்பர் புஷ்லண்டு ஆய்ந்து காட்டினார். 1954இல் கரிபியன் கடலின் குராசோத் தீவில் அம்முறையால் அவ்வீ சில திங்களில் ஒழிந்தது. பயிர்ப் பகைக்கும் அதுவே படையாயிற்று. பாகல் முதலியவற்றைக் கெடுத்த ஈயினத்தை 1993இல் சப்பானியர் அவ்வாறே ஒழித்தனர். 2000இல் நிப்ளிங் மறைந்தார். நகைப்புக்கு அஞ்சாது உண்மையைப் பற்றி நின்றமையே அவர்தம் பெருமை.