நூல் ஜாபிதாவுக்கு உயிரூட்டிய ரங்கநாதன்

அறிவுச் செல்வம் ஜனங்கள் அனைவருக்கும் பொதுவாதல் வேண்டும் என்று மேடைகளில் முழங்குகிறோம். ஆனால், புஸ்தகசாலைக்குள் நுழைந்த எளிய வாசகன், தான் நாடிய நூல் எங்கே இருக்கிறதென்று அறிய மாட்டாமல் வெறுங்கையோடு திரும்புவானாயின், அம்முழக்கத்தால் யாது பயன்? இக் கேள்வியைத் தமது ஆயுள் முழுவதும் சிந்தித்து, அதற்கு விடையும் கண்ட மேதை சீர்காழி ராமாமிருத ரங்கநாதன்.

தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த சீர்காழியில் 1892-ஆம் வருஷம் பிறந்த அவர், சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையில் கணித சாஸ்திரம் பயின்று எம். ஏ. பட்டம் பெற்றார். இன்று நமது செங்கற்பட்டு ஜில்லாவில் தாம்பரத்தில் விளங்கும் அக்கலாசாலை, அந்நாளில் சென்னை நகரத்துக்குள்ளே இருந்தது. 1937-லேதான் இங்கு வந்தது. மங்களூர், கோயம்புத்தூர், சென்னை நகரங்களில் கணித ஆசிரியராயிருந்த ரங்கநாதன், 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் லைப்ரேரியனாக நியமனம் பெற்றார். அவ்வுத்தியோகம் முதலில் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். அவ்வருஷமே சீமைக்குச் சென்று, லண்டனில் நூலகப் பயிற்சி பெற்று, பற்பல புஸ்தகசாலைகளைப் பார்வையிட்ட பிறகே அத்தொழிலின் மகிமை அவருக்கு விளங்கியது.

அமெரிக்கரான டியூயி 1876-ல் வெளியிட்ட பகுப்பு முறை அப்போது பல நாடுகளில் வழங்கிவந்தது. உலக விஷயங்களை முன்கூட்டியே பத்துப் பெரும் பிரிவுகளாக வகுத்து எண்ணிட்ட ஜாபிதா அது. மதத்துக்கென ஒதுக்கிய நூறு எண்களில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கே போயிற்று. நம் நாட்டு மதங்கள் உள்ளிட்ட ஏனைய மதங்கள் யாவும் கடைசிப் பத்து எண்களுக்குள் நெருக்குண்டு கிடந்தன.

மாமல்லபுரம் சென்றவர்கள் இருவகைக் கோயில்களைக் கண்டிருப்பார்கள். ரதங்கள் ஒரே பாறையில் செதுக்கியவை. அங்கே புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு இடமில்லை. கடற்கரைக் கோயிலோ கல்மேல் கல் அடுக்கிக் கட்டியது. டியூயி முறை ரதத்தைப் போன்றது. ரங்கநாதன் விரும்பியது கட்டடக் கோயில். லண்டன் கடையொன்றில், மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானின் சில துண்டுகளைக் கொண்டே பலவித உருவங்கள் அமைக்கப்படுவதைக் கண்டபோது அவருக்கு வழி புலப்பட்டது. அதன் பயனே 1933-ல் வெளியான கோலன் பகுப்பு முறை.

செங்கற்பட்டு வாசகன் ஒருவன், ஏழாம் நூற்றாண்டில் மாமல்லபுரத்துப் பாறைகளைச் சிற்பிகள் செதுக்கிய விதத்தை அறிய வருகிறான் என்று கொள்வோம். அவனுக்கு ஆசிரியர் பெயரும் தெரியாது. நூலின் பெயரும் தெரியாது. தனக்கு வேண்டியது எது என்பது மாத்திரம் தெரியும். எதைப் பற்றியது, எப்பொருளால் ஆனது, என்ன செயல், எவ்விடம், எக்காலம் என்னும் ஐந்து வினாக்களால் எவ்விஷயத்தையும் பகுக்கலாம் என்று ரங்கநாதன் பின்னாளில் வரையறுத்தார். சிற்பம், கல், செதுக்குதல், மாமல்லபுரம், ஏழாம் நூற்றாண்டு என்று அவ்விஷயம் பிரிந்து, ஒவ்வொரு கூறும் குறியீடு பெற்று, மீண்டும் ஒன்றுசேர்கிறது. அச்சங்கிலியின் கண்ணிகளுக்கு அகராதி வரிசையில் பதிவுகள் உண்டாதலின், சிற்பம் என்று தேடினாலும் மாமல்லபுரம் என்று தேடினாலும் வாசகன் வழி தவறான். முதலில் கருத்து, பிறகு சொல், அதன் பிறகே எண் என்பது அவர் கொள்கை. கருத்தைத் தெளியாமல் அட்டையில் எண்ணெழுதுவது வீண் வேலை.

நூல்கள் உபயோகத்துக்கே அன்றிப் பூட்டிவைப்பதற்கல்ல என்பதை முதலாகக் கொண்ட ஐந்து விதிகளை 1931-லும், ஜாபிதா தயாரிக்கும் விதிகளை 1934-லும் நூலாக வெளியிட்டார். அவருடைய இடையறாத முயற்சியின் பலனாகச் சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-ல் நிறைவேறியது. காசி, டில்லி, பெங்களூர் ஆகிய இடங்களிலும் பணியாற்றி, தம் சேமிப்பை நூலகக் கல்விக்கு ஈந்து, 1972-ல் காலமானார்.

வாசகனிடமிருந்து தொடங்கும் அக்கொள்கைக்கு இணங்கவே உலகமும் பின்னர் நடக்கலாயிற்று. சர்வதேச நூலகச் சம்மேளனம் 1998-ல் வெளியிட்ட மாதிரி அமைப்பு, தேடுதல், இனங்காணுதல், தேர்ந்தெடுத்தல், பெறுதல் என்னும் வாசகனின் நான்கு காரியங்களையே அடிப்படையாகக் கொண்டது. திருக்குறள் என்னும் படைப்பு ஒன்று. உரைகளும் மொழிபெயர்ப்புகளும் பல. அவற்றின் பதிப்புகள் பல. அலமாரியிலுள்ள பிரதி வேறு. இப்பேதங்களைத் தெளிவாகக் காட்டாத ஜாபிதா, கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டாலும் பழைய சரக்குக் கணக்கே ஆகும்.

ரங்கநாதன் பிறந்த தமிழ்நாட்டில் இன்றும் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். அவ்வரியால் வாங்கிய நூல் வாசகன் கைக்கு எட்டாதாயின், அது வாங்காத நூலுக்கே சமானம். ஆகவே தேசத் தொண்டர்கள் தத்தம் ஊர் நூலகத்துக்குச் சென்று, விஷயத்தின் பெயரைத் தமிழில் சொல்லி ஒரு நூலைத் தேடிப் பார்க்கவேண்டும். கிடைத்தால் அங்குள்ள ஊழியரைப் பாராட்டுக. கிடைக்காவிடில், கிடைக்கும்வரை விடாது கேட்டுக்கொண்டே இருக்க. அந்த மகானுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு இதுவே.