நூலிழையில் வாழ்வு தந்த மார்த்தா மால்ட் அம்மையார்

தையல் வகுப்பு என்றாலே எங்களுள் பலருக்கு முகம் வாடிவிடும். ஒரு பூவைத் தைத்து முடிப்பதற்குள் விரல் நோகிறது. இதனால் என்ன பயன் என்று முணுமுணுக்கிறோம். அதற்கு விடை சொல்லும் ஒரு வாழ்க்கையை இங்கே காண்போம்.

மாமல்லபுரத்திற்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். நம் கடற்கரையின் மெல்லிய துணிகள் அங்கிருந்து கப்பலேறி ஐரோப்பா சென்றன. அங்கே சீமாட்டிகளின் உடைக்குப் பூத்தையலும் லேஸ் என்னும் ரேந்தையுமே அழகு சேர்த்தன. 1840இல் விக்டோரியா மகாராணியாரின் திருமண உடையை அணிசெய்ததும் புகழ்பெற்ற ஹானிட்டன் லேஸே.

துணி இங்கிருந்து அங்கே சென்றது. லேஸ் கலையோ அங்கிருந்து தமிழகத்தின் தென்கோடிக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர் மார்த்தா மால்ட் அம்மையார். லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த தம் கணவர் சார்லஸ் மால்ட் ஐயருடன் இவர் 1819ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலை அடைந்தார். அன்று அவ்வூர் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. பெண்கள் எழுத்தறியாத காலம் அது. ஏழைகள் பலர் அடிமைகளாய் இருந்தனர். தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களுக்குத் தோளை மறைத்து மேலாடை அணியவும் உரிமை இல்லை.

அம்மையார் சிறுமியரைப் பள்ளியில் தங்கவைத்து எழுதப் படிக்கக் கற்பித்தார். 1821இல் லேஸ் பின்னவும் பழக்கினார். கெட்டியான தலையணை மீது மாதிரித் தாளை வைத்து ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். ஓர் இழை தவறினாலும் பூ கெட்டுவிடும். பொறுமையுடன் கற்ற சிறுமியரின் கைவேலையை ஐரோப்பியப் பெண்மணிகள் விரும்பி வாங்கினர். அந்த வருவாயைக் கொண்டு தம்மையே மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்களும் உண்டு. பிறர் ஆடைக்கு அழகு செய்த கைகள் தம் விலங்கைத் தாமே கழற்றின!

திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல் ஒழிந்தது. நீண்ட போராட்டத்திற்குப் பின் 1859இல் மேலாடை உரிமையை அரசு அறிவித்தது. ஆயினும் உயர்சாதியாரைப் போல் உடுத்தலாகாது என்ற தடை நீடித்தது.

அம்மையாரின் பணி அவரோடு முடியவில்லை. அவருடைய மகள் எலைசா, 1844இல் தமிழறிஞர் கால்டுவெல் ஐயரை மணந்து, இடையன்குடியில் பெண்களுக்குக் கல்வியோடு லேஸ் வேலையும் கற்பித்தார்.

புதுநன்மை நாளில் நாங்கள் அணிந்த முக்காட்டின் ஓரத்திலும் லேஸ் இருந்தது. அன்று அதன் அழகை மட்டுமே பார்த்தோம். இன்றோ அதன் இழைகளில் எங்கள் வயதுச் சிறுமியரின் உழைப்பையும் தன்மானத்தையும் காண்கிறோம். ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் கற்ற பெண் எவர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை. தோழியரே, அடுத்த தையல் வகுப்பில் முணுமுணுக்காமல் ஊசியைக் கையில் எடுப்போம்!